சின்ன ஆபீஸில் நெட் வரவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துப் பதினைந்து கம்ப்யூட்டர் உள்ள ஆபீஸில் நெட்வொர்க்குக்கென்று தனி ஆள் இருப்பதில்லை. கணக்கு பார்ப்பவரோ ரிசப்ஷனில் இருப்பவரோ, "உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே" என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பொறுப்பையும் சேர்த்துச் சுமப்பார். நெட் நின்றால் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவருக்காக எழுதியது இது. கோவை, திருப்பூர் பக்கத்து ஆடிட்டர் ஆபீஸ், கிளினிக், டிராவல்ஸ், பனியன் கம்பெனி ஆபீஸ் எங்கும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: வெளியிலிருந்து வரும் ஃபைபர் லைன், அது வந்து சேரும் ஃபைபர் மோடம், அதிலேயே அல்லது தனியாக ஒரு வைஃபை ரவுட்டர், அங்கிருந்து எட்டு அல்லது பதினாறு போர்ட் சுவிட்ச், சுவிட்சிலிருந்து மேஜைகளுக்குக் கேபிள். கீழே உள்ள பதில்கள் இந்த அமைப்பை மனதில் வைத்தே எழுதப்பட்டவை.

நெட் போய்விட்டது. முதலில் எதைச் செய்ய வேண்டும்?

எதையும் ஆஃப் செய்யாதீர்கள். இரண்டு நிமிஷம் பாருங்கள், கேளுங்கள்.

ஒருவருக்கு மட்டும் இல்லையா, எல்லோருக்குமா? வைஃபையில் இருப்பவர்களுக்கு மட்டுமா, கேபிளில் இருப்பவர்களுக்கும் சேர்த்தா? எல்லா வெப்சைட்டும் திறக்கவில்லையா, ஒன்று மட்டுமா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதிக்குமேல் சுருங்கிவிடும். ஒருவருக்கு மட்டும் என்றால் மோடத்தைத் தொடவே வேண்டாம். எல்லோருக்கும் என்றால் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மணிக்கணக்காக உட்கார்ந்து பயனில்லை.

அப்புறம் மோடம், ரவுட்டர், சுவிட்ச் மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து விநாடி வீடியோவாக எடுத்தால் இன்னும் நல்லது. எந்த விளக்கு எரிகிறது, எது மின்னுகிறது என்பது அதில் பதிந்துவிடும். ரீஸ்டார்ட் செய்த பிறகு அந்தத் தடயம் கிடைக்காது. சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. மறுநாளும் அதே தொல்லை வரும்.

எதுவரை லைன் வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிங் என்று ஒரு கட்டளை இருக்கிறது. விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து சிஎம்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால் கறுப்பு விண்டோ ஒன்று வரும். அதில் பிங் என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, முகவரியை அடித்து என்டர் தட்ட வேண்டும். உள்ளிருந்து வெளியே மூன்று படியாகப் போங்கள்.

முதல் படி, உங்கள் ரவுட்டரின் முகவரி. பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. தெரியாவிட்டால் அதே விண்டோவில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடியுங்கள்; டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் இருக்கும். இங்கிருந்தே பதில் வரவில்லை என்றால் கோளாறு ஆபீஸுக்குள்: கேபிள், சுவிட்ச், வைஃபை, அல்லது அந்தக் கம்ப்யூட்டர். நெட் கம்பெனியைக் கூப்பிட்டால் ஒரு நாள்தான் வீணாகும்.

இரண்டாம் படி, 8.8.8.8. கூகுள் நடத்தும் பொது சர்வர் இது. ரவுட்டர் பதில் சொல்லி, இது சொல்லவில்லை என்றால் கோளாறு ரவுட்டருக்கு அப்பால்: மோடம், ஃபைபர் லைன், அல்லது கம்பெனி பக்கம்.

மூன்றாம் படி, எண்ணுக்குப் பதில் ஏதாவது ஒரு வெப்சைட்டின் பெயர். 8.8.8.8 பதில் தந்து, அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று மட்டும் வந்தால் லைன் நன்றாகவே இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் வேலை செய்யவில்லை. அதற்குத் தனிப் பதில் கீழே இருக்கிறது.

பதில் வந்தால் மட்டும் போதாது, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பதையும் பாருங்கள். கேபிளில் இருந்து ரவுட்டருக்கு 1 மில்லிசெகண்டு அளவில் வர வேண்டும். அங்கேயே 200, 300 என்று ஏறி இறங்கினால் உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

மோடத்தில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னுகிறது. என்ன அர்த்தம்?

மோடத்துக்கு ஒளியே வந்து சேரவில்லை என்று அர்த்தம். வெளியில் ஃபைபர் அறுந்திருக்கலாம். ரோடு தோண்டுவது, மரக்கிளை விழுவது, உயரமான லோடு லாரி இழுத்துக்கொண்டு போவது எல்லாம் வழக்கமான காரணங்கள். ஆனால் கம்பெனிக்குப் போன் போடும் முன் மோடத்துக்குப் பின்னால் ஒருமுறை பாருங்கள். அந்த மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளை வயர் மேஜைக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கியிருக்கிறதா? கூராக மடிந்திருக்கிறதா? பெருக்கும்போது யாராவது மோடத்தைத் தள்ளி வைத்தாலே போதும், உள்ளே இருக்கும் கண்ணாடி இழை வளைந்து ஒளி வெளியே கசிந்துவிடும். மடிப்பை நீக்கிப் பெரிய வட்டமாகச் சுற்றி விட்டால் சில சமயம் அப்போதே சரியாகிவிடும்.

கனெக்டரைக் கழற்றினால் முனையைக் கையால் தொடாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள், கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வகை. இன்னொன்று: கனெக்டர்களில் பச்சையும் உண்டு, நீலமும் உண்டு. பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும், நீலத்தில் அந்தச் சாய்வு இருக்காது. இரண்டையும் கலந்து மாட்டினால் சிக்னல் பெருமளவு விழும். லைன்மேன் அவசரத்தில் கையில் கிடைத்த வயரை மாட்டிவிட்டுப் போனால் இதைக் கவனியுங்கள்.

விளக்கு சிவப்பாகவில்லை, ஆனால் லைன் விட்டுவிட்டு வருகிறது என்றால், மோடத்தின் செட்டிங் பக்கத்தில் ஆப்டிகல் பவர் என்ற எண்ணைப் பாருங்கள். -15 முதல் -25 டிபிஎம்முக்குள் இருந்தால் கவலையில்லை. -27ஐ ஒட்டியோ அதைத் தாண்டி -28, -29 என்றோ இருந்தால் எங்கோ ஜாயின்ட் சரியில்லை. இந்த எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்தால் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்ற பதிலோடு நிறுத்த மாட்டார்கள்.

ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. ஆனால் தினமும் செய்ய வேண்டியிருக்கிறதே?

அப்படியானால் அது சரியாகவில்லை. மூன்று காரணங்களைச் சந்தேகிக்கலாம். ஒன்று, அடாப்டர். மோடத்துக்கு வரும் 12 வோல்ட் அடாப்டர் பழசாகிவிட்டால் விளக்கெல்லாம் எரியும், ஆனால் சுமை கூடும்போது வோல்டேஜ் இறங்கி மோடம் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகும். அதே வோல்ட், அதே ஆம்பியர் அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள அடாப்டரை மாற்றிப் பாருங்கள். இரண்டு, சூடு. பைல் அலமாரிக்குள் மூடி வைத்த ரவுட்டர் ஏப்ரல், மே மாத மதியங்களில் திணறும். வெளியே எடுத்துக் காற்றோட்டமாக வையுங்கள்.

மூன்றாவதுதான் ஆபீஸ்களில் அதிகம், யாருக்கும் தோன்றாததும் அதுதான். ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுத்து வைக்கிறது. உதாரணமாக 100 முதல் 149 வரை என்று செட்டிங் இருந்தால் மொத்தமே 50 முகவரிதான். கம்ப்யூட்டர் 12, பிரின்டர் 2, கேமரா 8, ஊழியர்களின் போன் 15, இதுவே 37. கிளினிக்காக இருந்தால் காத்திருப்பவர்களின் போன்கள் மீதியைக் காலையிலேயே தின்றுவிடும். ஒருமுறை கொடுத்த முகவரி, 24 மணி நேரம் என்று செட்டிங் இருந்தால், அவர் வீட்டுக்குப் போன பிறகும் அவர் பெயரிலேயே இருக்கும். மதியம் வரும் பதின்மூன்றாவது கம்ப்யூட்டருக்கு முகவரி கிடைக்காது. ரீஸ்டார்ட் செய்ததும் பல ரவுட்டர்களில் அந்தப் பட்டியல் அழிந்துவிடும், எல்லோருக்கும் நெட் வரும், மறுநாள் பழைய கதை. இப்படி முகவரி கொடுக்கும் வேலைக்குப் பெயர் டிஹெச்சிபி. ரவுட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் எல்லையை 50 முதல் 250 வரை விரியுங்கள், கால அளவை சில மணி நேரமாகக் குறையுங்கள், வெளியாட்களுக்கு கெஸ்ட் வைஃபை தனியாகப் போடுங்கள்.

ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் நெட் இல்லை. ஐபி முகவரி 169.254 என்று ஆரம்பிக்கிறது.

ரவுட்டர் முகவரி கொடுக்காததால் விண்டோஸ் தானாக வைத்துக்கொண்ட முகவரி அது. அதைக் கொண்டு வெளியே போக முடியாது. மேலே சொன்னபடி முகவரி தீர்ந்திருக்கலாம். அதைவிட அதிகம் நடப்பது கேபிள் கோளாறு. நாற்காலிச் சக்கரம் ஏறி ஏறி வயர் நசுங்கியிருக்கும், அல்லது கனெக்டரின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து, மாட்டியதுபோல் தெரிந்தாலும் சரியாக உட்கார்ந்திருக்காது. நெட் வரும் பக்கத்து மேஜைக் கேபிளை எடுத்து இதில் மாட்டிப் பாருங்கள். வந்தால் கேபிள்தான்.

வைஃபை சிக்னல் முழுசாக இருக்கிறது. சிலருக்கு நெட் வருகிறது, சிலருக்கு வரவில்லை. ஏன்?

முதலில் ஒரு கேள்வி: சமீபத்தில் யாராவது "உள் ரூமில் சிக்னல் இல்லை" என்று இன்னொரு வைஃபை ரவுட்டர் வாங்கி மாட்டினார்களா?

மாட்டியிருந்தால் பெரும்பாலும் அதுதான். புது ரவுட்டரைக் கடையிலிருந்து வாங்கிய செட்டிங்கோடு, அதன் லேன் போர்ட்டில் (ஆபீஸுக்குள் இருக்கும் கருவிகளுக்கான போர்ட்) கேபிளைச் செருகிவிடுகிறார்கள். இப்போது ஒரே நெட்வொர்க்கில் முகவரி கொடுக்க இரண்டு பேர். யார் முந்திக்கொள்கிறாரோ அவர் கொடுத்த முகவரியோடு கம்ப்யூட்டர் போய்விடும். பழைய ரவுட்டரிடம் வாங்கியவருக்கு நெட் வரும். புதியதிடம் வாங்கியவர் கதவே இல்லாத சுவரைத் தட்டிக்கொண்டிருப்பார். காலையில் வந்தது மாலையில் போகும், லேப்டாப்பை ஸ்லீப்பிலிருந்து எழுப்பினால் ஆள் மாறும். இதனால்தான் எதிலும் பிடிபடாத கோளாறுபோல் தெரிகிறது.

கண்டுபிடிப்பது சுலபம். நெட் வரும் கம்ப்யூட்டரிலும் வராத கம்ப்யூட்டரிலும் ஐபிகான்ஃபிக் அடித்து டீஃபால்ட் கேட்வேயை ஒப்பிடுங்கள். ஒன்றில் 192.168.1.1, மற்றதில் 192.168.0.1 என்று வந்தால் முடிந்தது விஷயம். புது ரவுட்டரில் ஆக்சஸ் பாயின்ட் மோடு என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அதன் டிஹெச்சிபியை அணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 மாதிரி பழைய ரவுட்டரின் வரிசையிலேயே வேறு எண்ணாக மாற்றி, லேன் போர்ட்டிலேயே மாட்டுங்கள்.

வேன் (WAN) போர்ட்டில், அதாவது வெளியிலிருந்து நெட் வருவதற்கான போர்ட்டில், மாட்டினால் நெட் எல்லோருக்கும் வரும். ஆனால் புது ரவுட்டருக்குப் பின்னால் இருப்பவர்கள் தனித் தீவாகிவிடுவார்கள். முன் அறையிலிருந்து அந்த ரூமில் இருக்கும் பிரின்டருக்குப் பிரின்ட் போகாது.

சுவிட்சில் எல்லா விளக்கும் ஒரே வேகத்தில் வெறிபிடித்ததுபோல் மின்னுகிறது. பிரின்டர்கூட வேலை செய்யவில்லை.

ஒரே கேபிளின் இரு முனையும் சுவிட்சிலேயே மாட்டப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேஜை மாற்றும்போது தொங்கிக்கொண்டிருக்கும் வயரைப் பார்த்து, நல்லெண்ணத்தோடு யாராவது காலியான போர்ட்டில் செருகியிருப்பார்கள். அனுப்பிய தகவல் சுற்றிச் சுற்றி வந்து பெருகி, மொத்த நெட்வொர்க்கையும் சில விநாடியில் நிரப்பிவிடும். விலை குறைந்த சுவிட்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதைத் தடுக்கும் வசதி கிடையாது. ஒவ்வொரு கேபிளாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் விளக்குகள் அமைதியாகின்றனவோ அதுதான் காரணம். ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டி வைத்தால் இது மறுபடி நடக்காது.

வாட்ஸ்அப் வருகிறது, வெப்சைட் மட்டும் திறக்கவில்லை.

டிஎன்எஸ்ஸைச் சந்தேகியுங்கள். ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8 என்றும் இரண்டாவதாக 1.1.1.1 என்றும் மாற்றிப் பாருங்கள். முதலாவது கூகுளுடையது, இரண்டாவது கிளவுட்ஃபிளேர் 2018இல் தொடங்கியது, இரண்டும் இலவசம்.

ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில் மட்டும், எந்த சைட்டைத் திறந்தாலும் "பாதுகாப்பானதல்ல" என்று எச்சரிக்கை வந்தால், கீழே வலது மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 செல் தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். வெப்சைட்டின் சான்றிதழில் உள்ள தேதியோடு அது பொருந்தாததால் பிரவுசர் மறுத்துவிடும். செல்லை மாற்றினால் போதும், ஃபார்மேட் வேண்டாம்.

200 எம்பிபிஎஸ் பிளான். எத்தனை முறை அளந்தாலும் 94லேயே நிற்கிறது.

இவ்வளவு துல்லியமாக 90க்கும் 95க்கும் நடுவே நின்றால் லைன்மீது பழி போடாதீர்கள். ஏதோ ஒரு கேபிளோ கருவியோ 100 எம்பிபிஎஸ் அளவிலேயே ஓடுகிறது. நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டு வயர், நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, நான்கும் வேண்டும். 100க்குத் தேவைப்படாத மற்ற இரண்டு ஜோடியில் ஒரு வயர் விட்டுப்போனாலும் நெட் வரும், வேகம் மட்டும் நூறுக்கு இறங்கிவிடும். பழைய சுவிட்சே 100க்கு மேல் தாங்காததாகவும் இருக்கலாம். அதன் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

கிரிம்பிங் செய்பவர், அதாவது கேபிள் முனையில் கனெக்டர் அடிப்பவர், நிற வரிசையை மதிக்கிறாரா என்று பாருங்கள்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதே வரிசை. "நேர்நேராகப் போட்டால் போதும்" என்று நிறத்தைப் பார்க்காமல் அடித்தால், மின்தொடர்பு இருக்கும், ஆனால் ஜோடிகள் பிரிந்து நீளமான கேபிளில் தகவல் சிதையும். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கவும் கூடாது. செம்புப் பூச்சு பூசிய அலுமினியக் கேபிளை விலையைப் பார்த்து வாங்காதீர்கள். சுத்தச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். ஒரே ஓட்டத்தில் 100 மீட்டர்தான் எல்லை.

வைஃபையில் அளந்து வேகம் குறைகிறது என்றால் அது வேறு கதை. 2.4 கிகாஹெர்ட்ஸில் பக்கத்துக் கடைகளின் வைஃபையெல்லாம் மோதும். 1, 6, 11 சேனல்களில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். சுவர் தாண்டும் சக்தி அதற்குக் குறைவு.

ஆன்லைன் மீட்டிங்கில் குரல் விட்டுவிட்டுப் போகிறது. ஆனால் ஸ்பீடு டெஸ்ட் நன்றாக இருக்கிறது.

அப்லோடு, அதாவது ஆபீஸிலிருந்து வெளியே தகவல் போகும் பாதை, நிரம்புகிறது. ஆபீஸ் நேரத்தில் கிளவுட் பேக்கப் ஓடுகிறதா, முதலாளி வீட்டிலிருந்து எல்லா கேமராவையும் முழுத் தரத்தில் பார்க்கிறாரா என்று விசாரியுங்கள். ஒரு கேமரா 2 முதல் 4 எம்பிபிஎஸ் வரை எடுத்துக்கொள்ளும். குரல் உடையும் நேரத்தில் 8.8.8.8க்கு பிங் போட்டு, வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏறியிருந்தால் இதுதான். பேக்கப்பை இரவுக்குத் தள்ளுங்கள். ரவுட்டரில் க்யூஓஎஸ் (எதற்கு எவ்வளவு வேகம் என்று பிரித்துக் கொடுக்கும் வசதி) இருந்தால் அப்லோடுக்கு ஒரு வரம்பு போடுங்கள்.

டேலி "சர்வர் இல்லை" என்கிறது. நெட் போய்விட்டதா?

இல்லை. டேலி டேட்டா பக்கத்து ரூம் கம்ப்யூட்டரில் இருந்தால் இன்டர்நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் கம்ப்யூட்டரின் ஐபி மாறியிருக்கும், அல்லது அது ஸ்லீப்புக்குப் போயிருக்கும். சர்வருக்கும் பிரின்டருக்கும் முகவரி மாறாதபடி ரவுட்டரில் ரிசர்வ் செய்துவிடுங்கள்.

ஜிஎஸ்டி சைட் மட்டும் திறக்கவில்லை.

தேதியைப் பாருங்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி. அந்தக் கடைசி நாட்களில் நெரிசல் இருக்கும். போன் டேட்டாவில் திறந்து பாருங்கள். அதிலும் திறக்காவிட்டால் உங்கள் லைன்மேல் குற்றமில்லை. வெளிநாட்டு சைட்டுகள் மட்டும் மந்தம் என்றால் கடலடிக் கேபிள் கோளாறாகவும் இருக்கலாம். 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே கேபிள்கள் சேதமானபோது இந்தியாவிலும் அது தெரிந்தது.

வெளியிலிருந்து ஆபீஸ் கேமராவைப் பார்க்க முடியவில்லை. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பைக் கேமராவுக்குத் திருப்பிவிடும் செட்டிங்) செய்தாகிவிட்டது.

ரவுட்டரின் வேன் ஐபியை, அதாவது வெளிப்பக்கத்து முகவரியை, பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் ஆரம்பித்தால், பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியை கம்பெனி பகிர்ந்து கொடுக்கிறது. வெளியிலிருந்து உங்களைத் தேடி வர வழியே இல்லை. ஸ்டாட்டிக் ஐபி (உங்களுக்கே உரிய, மாறாத பொது முகவரி) தனிக் கட்டணத்துக்குக் கேளுங்கள், அல்லது டிவிஆர் (கேமரா காட்சியைப் பதிவுசெய்யும் பெட்டி) கம்பெனியின் ஆப்பைப் பயன்படுத்துங்கள். எதுவானாலும் கூடவே வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2016இல் உலகத்தையே உலுக்கிய மிராய் என்ற வைரஸின் தாக்குதல், பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்துத்தான் நடந்தது.

மோடத்தில் இருக்கும் ரீசெட் துளையை அழுத்தலாமா?

வேண்டாம். அது ரீஸ்டார்ட் பட்டன் கிடையாது. கம்பெனி போட்டுக் கொடுத்த யூசர்நேம், பாஸ்வேர்டு உட்பட எல்லாம் அழிந்து, ஆள் வந்து திரும்பப் போடும்வரை நெட் வராது. இப்போதே, எல்லாம் நன்றாக ஓடும்போதே, செட்டிங் பக்கங்களைப் படம் எடுத்து வையுங்கள்.

இடி மின்னல் நேரத்தில் போர்ட்டுகள் கருகுகின்றன. என்ன செய்யலாம்?

மொட்டை மாடி கேமராவுக்கும் எதிர்க் கட்டிடத்துக்கும் போகும் செம்புக் கேபிள்தான் பெரும்பாலும் வாசல். கட்டிடம் விட்டுக் கட்டிடம் போவதற்கு ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. உள்ளே தாங்குகம்பியாக ஸ்டீல் இருக்கும் வகை என்றால் அதை மோடத்துக்கு அருகே கொண்டுவராமல் வெட்டிவிடச் சொல்லுங்கள். ஆபீஸ் எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுவது நல்லது.

புகார் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

"நெட் வரல" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை மணிக்கு நின்றது, எல்ஓஎஸ் விளக்கு எப்படி இருக்கிறது, ஆப்டிகல் பவர் எவ்வளவு, ரவுட்டருக்கு பிங் போகிறதா, 8.8.8.8க்குப் போகிறதா, இதைச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். லைன்மேனிடம் போனில் சொன்னதோடு நிறுத்தினால் கணக்கில் அந்தப் புகார் இருக்காது. சரிசெய்யாவிட்டால் அதே எண்ணை வைத்து அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிமுறை கம்பெனிகள் இந்த இரண்டு படிகளையும் வைத்திருக்க வேண்டும் என்கிறது. தனிநபர் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை.

இரண்டாவது லைன் வாங்குவது நல்லதா?

நெட் நின்றால் பில் போட முடியாது, டோக்கன் கொடுக்க முடியாது என்ற நிலை இருந்தால் வாங்குங்கள். ஆனால் கம்பெனிப் பெயர் வேறாக இருப்பது மட்டும் போதாது. இரண்டு லைனும் ஒரே கம்பத்தில், ஒரே பக்கமாகத் தொங்கிக்கொண்டு வந்தால், ஒரு கிளை விழுந்தால் இரண்டும் சேர்ந்தே அறும். புது லைன் எந்தத் தெரு வழியாக வருகிறது என்று மாட்ட வருபவரிடம் கேளுங்கள். வேறு வழி இல்லாவிட்டால் இரண்டாவதை 4ஜி அல்லது 5ஜி சிம் ரவுட்டராக வைத்துக்கொள்வது மேல். இரண்டு வேன் போர்ட் உள்ள ரவுட்டர் வாங்கினால் ஒன்று நின்றதும் தானாக மற்றதுக்கு மாறும். மாதம் ஒருமுறை முதல் லைனை நீங்களே கழற்றி, மாறுகிறதா என்று பாருங்கள். சிம்மில் ரீசார்ஜ் தீர்ந்துபோயிருப்பதும் அப்போதுதான் தெரியவரும்.